தண்ணீராகிப்போன கஞ்சி

முழியனுக்கு ஊட்டுகிற வேலை அத்தையுடையது. அதில் வேறு யாரும் கைவைக்க முடியாது. பெற்ற தாயே விடுமுறை நாட்களில், "இன்னைக்கு நான் ஊட்டட்டுமா அண்ணி?" என்று கேட்டுத்தான் கிண்ணத்தை வாங்க வேண்டும். அத்தை கொடுத்துவிடுவாள். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, கரண்டி போகிற கோணம் சரியில்லை என்பாள்.

முழியன் என்பது அவனுக்கு அத்தை வைத்த பெயர். பிறந்த அன்றைக்கே கண்ணை அகல விழித்து, வந்தவர்களையெல்லாம் வேலைக்கு ஆள் எடுக்க வந்தவன்போல ஏற இறங்கப் பார்த்தான். இப்போது ஒன்றரை வயதாகிறது. முகத்தில் அந்தக் கண்கள் மட்டும்தான் வளர்ந்திருந்தன. கையும் காலும் குச்சி, நடுவில் உப்பிய வயிறு. அவன் வயதுப் பிள்ளைகள் மாடிப்படியில் ஓடிப் பிடித்து விளையாடும்போது, அவன் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கொஞ்ச நேரத்தில் அதுவும் முடியாமல் உட்கார்ந்துவிடுவான்.

சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளை என்றால் வேடிக்கை காட்டி ஏமாற்றலாம். இவன் சாப்பிட்டான். கிண்ணம் காலியாகிறவரை சாப்பிட்டான். அப்புறம் காலிக் கிண்ணத்தைப் பார்த்து அழுதான். இன்னொரு கிண்ணம் கொடுத்தால் அதையும் தின்றுவிட்டு அழுதான். தின்றதெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு, பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொள்கிற நாற்றத்தோடு, அப்படியே வெளியே போனது. நாளெல்லாம் உண்டும் பட்டினியாகக் கிடக்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பது அத்தைக்கு நெஞ்சை அறுத்தது.

அந்த வீட்டில் நாலே பேர். இரும்புச் சாமான் கடைக்கு மேலே இரண்டு அறை. ஜன்னலோரம் அத்தையின் தையல் மெஷின். கால்சட்டைக்கு நீளம் குறைக்க, ரவிக்கையைப் பிரித்துவிட என்று தெருவே அவளிடம்தான் வரும். அவள் தம்பி, அதாவது முழியனின் அப்பா, வீட்டுத் தரகர். விற்கிறவனையும் வாங்குகிறவனையும் சேர்த்துவைப்பது தொழில். வாயை வாடகைக்கு விட்டாலே பிழைத்துக்கொள்வான் என்பது அக்காளின் அபிப்பிராயம். தம்பி மனைவி பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருந்தாள். முதல் வண்டிக்கு முன்னாலேயே அவள் போயாக வேண்டும்.

ஊரிலிருந்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்து ஓய்ந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டரம்மாதான் காரணத்தைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு அத்தையும் போயிருந்தாள். ஆனால் ஊசி குத்தி ரத்தம் எடுத்த கோபத்தில் முழியன் கூரை பிய்ந்துபோகிற மாதிரி அலறியதால், அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடைகூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். உள்ளே பேசியதில் ஒரு வார்த்தையும் அவள் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் தம்பிதான் கதையைச் சொன்னான்.

"அக்கா, வயித்துக்குள்ள ஒரு தரகன் இருக்கானாம்!"

"இருக்கிற தரகன் போதாதா?" என்றாள் அத்தை.

"கேளுக்கா. நாம சாப்பிடறது எல்லாம் உள்ள போனதும் பொடிப்பொடியா வெட்டுப்படணுமாம். அப்பத்தான் ரத்தத்துல சேருமாம். அது தானா வெட்டுப்படணும்னா வருஷக்கணக்கா ஆகும். அதுக்குத்தான் என்சைம்னு ஒண்ணு. நொதின்னும் சொல்றாங்க. அது வந்து சோத்தப் பிடிச்சு நிறுத்தி, 'இந்தா, இங்க வெட்டு'ன்னு முடிச்சுவச்சிடும். கண்ணச் சிமிட்டறதுக்குள்ள. முடிச்சுவச்சுட்டு அது பாட்டுக்கு அடுத்த வேலைக்குப் போயிடும். தேயாது, குறையாது. நான் எத்தனை வீடு முடிச்சாலும் நான் நானாத்தானே வெளிய வர்றேன்? அதே மாதிரி!"

"நீ கமிஷன் வாங்காம வெளிய வந்ததா சரித்திரமே இல்லையே."

"அதத்தான் டாக்டரம்மாவும் சொன்னாங்க. அது கமிஷன் வாங்காத தரகராம்." தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "நம்ம பையனுக்குக் கணையம்னு ஒரு உறுப்பு, அதுலேருந்துதான் அந்தத் தரகனுங்க வரணும். அவனுக்குப் பிறவியிலயே வரலையாம் அக்கா. மத்ததெல்லாம் நல்லாருக்காம். அதான் தின்னது எதுவும் ஒட்டல."

அத்தை பிள்ளையின் முதுகைத் தடவினாள். காரணம் தெரிந்ததே பாதி நிம்மதி. அவன் மீது யார் கண்ணும் படவில்லை, தன் கைப்பக்குவத்திலும் குறையில்லை. வெளியிலிருந்து அந்த நொதியைக் கொடுத்தால் பிள்ளை தேறிவிடுவான் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். கேப்சூல் ஒன்றைத் திறந்து காட்டினாள் தம்பி மனைவி. உள்ளே கடுகைவிடச் சிறிய, பழுப்பு நிறக் குருணைகள்.

"கேப்சூலத் திறந்து, இந்தக் குருணைய சாப்பாட்டோட கொடுக்கணும் அண்ணி. ஒரு வேளையும் விடக்கூடாதுன்னு சொன்னாங்க. இன்னும் என்னமோ சொன்னாங்க. இவரு தரகன் தரகன்னு சிரிச்ச சிரிப்புல..."

விடுவதா? அத்தையாவது, விடுவதாவது!

இங்கேதான் அந்தக் குடும்பத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டு ரத்தத்தில் பிறந்த எவருக்கும் மாத்திரை விழுங்கத் தெரியாது. தொண்டைக்குக் கீழே இறங்காது. குமட்டும், கண்ணில் நீர் வரும், மாத்திரை மூக்கு வழியாகக்கூட வந்திருக்கிறது. அதனால் எந்த மருந்தானாலும் இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவே வைத்து நசுக்கி, மாவாக்கித்தான் உள்ளே போகும். தம்பிக்கு மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் தலைவலி என்றால், "அக்கா, கொஞ்சம் நசுக்கிக் கொடேன்" என்று மாத்திரையும் கையுமாக வந்து நிற்பான்.

முழியனும் அந்த ரத்தம்தான். முதல் நாள் குருணையை அப்படியே கொடுத்ததும் புரையேறிச் சிவந்துபோனான். அத்தை இரண்டு ஸ்பூன்களை எடுத்தாள். குருணையை நறநறவென்று நசுக்கினாள். முகத்துக்குப் பூசுகிற பவுடர்போல ஆனதும், ஆற்றிவைத்த வெதுவெதுப்பான கஞ்சியில் தூவிக் கலக்கினாள். பிள்ளை ஒரு முனகல் இல்லாமல் குடித்தான். பக்கத்தில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த தம்பி இதைப் பார்த்தான். பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்துவிட்டு வேலைக்குப் போனான். மருந்து என்றால் அப்படித்தானே.

அன்று தொடங்கியது கஞ்சியோடு அத்தையின் சண்டை.

அவள் காய்ச்சுகிற மாவுக் கஞ்சி கரண்டியைக் குத்தினால் நிற்கும். அப்படித்தான் எப்போதும் காய்ச்சுவாள். ஆனால் கிண்ணத்தில் ஊற்றி, பிள்ளையை மடியில் இருத்தி, நாலு வாய் ஊட்டுவதற்குள் கஞ்சி தளர்ந்துபோனது. பாதிக் கிண்ணத்தில் ஓட ஆரம்பித்தது. கடைசியில் தண்ணீர்போலக் கரண்டியிலிருந்து ஒழுகியது. நாக்கில் வைத்துப் பார்த்தால் போடாத சர்க்கரை லேசாக இனித்தது.

அத்தையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நேரே மளிகைக் கடைக்குப் போனாள்.

"மாவுல என்னத்தக் கலக்கறீங்க? பச்சப் புள்ள சாப்பிடற சாமான்ல கூடவா கைவைப்பீங்க?"

"அம்மா, நான் இந்தக் கடைக்கு வந்த நாள்லேருந்து..."

"வந்த நாள்லேருந்து இதத்தான் பண்றீங்களா?"

கடை மாற்றினாள். அந்த மாவும் தண்ணீரானது. கோதுமையை வாங்கிக் கழுவிக் காயவைத்து, மாவு மில்லுக்குக் கொண்டுபோய், அரைத்து முடிகிறவரை பக்கத்தில் நின்று தானே மாவாக்கி வந்தாள். அதுவும் தண்ணீரானது. இதில் இன்னொரு கூத்து, அடுப்புப் பாத்திரத்தில் மிச்சம் இருக்கிற கஞ்சி மட்டும் களிபோலக் கெட்டியாகவே இருந்தது. அப்படியானால் கிண்ணத்தில்தான் ஏதோ கோளாறு. எவர்சில்வர் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டுப் பீங்கான் கிண்ணம் வாங்கினாள். பீங்கானிலும் அதே கதை.

பிள்ளையின் உதட்டோரம் வேறு சிவந்து புண்ணாகியது. வெண்ணெய் தடவினாள், ஆறவில்லை. நாற்றமும் பிசுக்கும் போகவில்லை. அழுகையும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரித் தராசில் முள் பழைய இடத்திலேயே நின்றது. தராசு துருப்பிடித்திருக்கும் என்று அத்தை நர்ஸிடம் சொல்லிப் பார்த்தாள். நர்ஸ் தானே ஏறிக் காட்டினாள். தராசு ஒழுங்காகத்தான் இருந்தது.

"மருந்து தவறாம கொடுக்கறீங்களா?" என்று ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா கேட்டார்.

"ஒரு வேள விடல" என்று ஒவ்வொரு முறையும் மூன்று பேரும் சொன்னார்கள். அது சத்தியமும்கூட. டாக்டரம்மா மருந்தின் அளவைக் கூட்டினார். வீட்டில் கஞ்சி இன்னும் சீக்கிரமாகத் தண்ணீரானது.

கடைசியாகப் போனபோது டாக்டரம்மாவின் குரல் மாறியிருந்தது. இப்படியே விட்டால் பிள்ளையின் உடம்பு தாங்காது, மூளை வளர்கிற வயது இது என்றார். அடுத்த முறையும் எடை ஏறவில்லை என்றால் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்கு உணவு செலுத்த வேண்டியதுதான். எத்தனை காலத்துக்கு என்று தரகர் கேட்டார். அதை இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

அத்தை பிள்ளையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். வாய் இருக்கிற பிள்ளைக்கு, அதுவும் இத்தனை ஆசையாகச் சாப்பிடுகிற பிள்ளைக்கு, மூக்கில் குழாயா?

அடுத்த எடை பார்க்கிற நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. வேலை முடிந்து வந்த தம்பி மனைவி பிள்ளையைத் தூக்கிப் பார்த்தாள். காகிதம்போலக் கனமில்லாமல் வந்தான். அவளுக்குள் எதுவோ அறுந்துவிட்டது.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. கேக்காம இருக்க முடியல. நான் இல்லாத நேரத்துல நீங்க நெஜமாவே அவனுக்கு ஊட்டறீங்களா? தையல்ல நேரம் போயிடுதா?"

 அத்தைக்கு மூக்கின் மேல் கோபம் வருகிற சுபாவம். ஆனால் அன்றைக்குக் கோபமே வரவில்லை.  தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"நாளான்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்ல, கஞ்சியும் மருந்தும் நான் எடுத்துட்டு வர்றேன். அந்த டாக்டரம்மா முன்னாடியே ஊட்டறேன். நீயும் பாரு, அவங்களும் பாக்கட்டும்."

சொன்னபடியே செய்தாள். கூடையில் பிளாஸ்க் நிறையக் கஞ்சி, பீங்கான் கிண்ணம், இரண்டு ஸ்பூன், ஊட்டுகிற கரண்டி, கேப்சூல் டப்பா. தராசில் முள் நகரவில்லை. டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "சேர்த்துடலாம்" என்று தொடங்கினார்.

"சேக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்" என்றாள் அத்தை. எழுந்தே நின்றுவிட்டாள். "டாக்டரம்மா, நான் படிச்சவ இல்ல. ஆனா இந்தப் புள்ளைக்கு ஒரு வாய் குறைச்சு ஊட்டினவ இல்ல. இந்த வீட்டுல எம்மேலயே சந்தேகம் வந்தாச்சு. கஞ்சிய நான் கெட்டியாத்தான் காய்ச்சறேன். பாழாப்போன கஞ்சி கிண்ணத்துல ஊத்தினதும் தண்ணியாயிடுது. மாவ மாத்தினேன், கடைய மாத்தினேன், கிண்ணத்தக்கூட மாத்திட்டேன். பாத்திரத்துல இருக்கிறது மட்டும் கல்லாட்டம் இருக்கு. ஊருல எல்லாரும் சேந்து இந்தப் புள்ளைய ஏமாத்தினா நான் என்ன பண்ணுவேன்?"

டாக்டரம்மா கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"என்ன சொன்னீங்க? கிண்ணத்துல ஊத்தினதும் தண்ணியாயிடுதா?"

"ஆமா."

"பாத்திரத்துல இருக்கிறது ஆகலையா?"

"அதத்தானே கரடியாக் கத்திக்கிட்டிருக்கேன்!"

டாக்டரம்மா எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். "அம்மா, வீட்டுல எப்படிப் பண்ணுவீங்களோ அதே மாதிரி இங்க பண்ணுங்க. ஒண்ணு விடாம பண்ணுங்க."

அத்தை மேஜையில் கிண்ணத்தை வைத்துப் பிளாஸ்கிலிருந்து கஞ்சியைச் சரித்தாள். அது சோம்பலாக, பெரிய பெரிய கட்டியாக விழுந்தது. எல்லாரும் பார்த்தார்கள், கெட்டியான கஞ்சி, குறையே சொல்ல முடியாது. தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை கேப்சூலைத் திறந்து குருணையை ஒரு ஸ்பூனில் கொட்டினாள். இன்னொரு ஸ்பூனை அதன்மேல் வைத்து அழுத்தினாள். நற, நற, நற.

"ஐயையோ" என்றார் டாக்டரம்மா. தடுக்கத்தான் கையை நீட்டினார். ஏதோ யோசித்து நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, "கலக்குங்க" என்றார்.

அத்தை கலக்கினாள். நாலு பேரும் கிண்ணத்தின்மேல் கவிழ்ந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கஞ்சியின் விளிம்பு தளர்ந்தது. குத்தி நின்ற கரண்டி மெல்லச் சாய்ந்து கிண்ணத்தின் ஓரத்தில் டிங் என்று தட்டியது. நடுவிலிருந்த கட்டி இளகியது, வழிந்தது. அத்தை கரண்டியைத் தூக்கினாள், தண்ணீர்போல ஒழுகியது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா இப்ப?" அத்தையின் குரலில் வழக்கில் ஜெயித்தவளின் தோரணை இருந்தது.

டாக்டரம்மாவின் முகத்தில் ஒரு சந்தோஷம் பரவியதை அவர்களால் புரிந்துகொள்ள முடியவில்லை. "பார்த்தேன்மா. நல்லாப் பார்த்தேன். இதுதான் செரிமானம். வயித்துக்குள்ள, குடலுக்குள்ள நடக்க வேண்டியது உங்க கிண்ணத்துல நடந்துக்கிட்டிருக்கு! மருந்து வேலை செய்யலன்னு நான் நினைச்சேன். மருந்து பிரமாதமா வேலை செய்யுது. இடம்தான் தப்பு."

"அப்ப உள்ள போனா மட்டும் ஏன் செய்யல?" என்றார் தரகர்.

"உள்ள உயிரோட போகலையே. குடலுக்கு முன்னாடி இரைப்பை இருக்கு, அங்க பயங்கரமான அமிலம். என்சைமுக்குத் தன்னோட உருவம்தான் பலம். அமிலம் பட்டா அந்த உருவம் குலைஞ்சிடும். வெந்த முட்டையத் திரும்பப் பச்ச முட்டையாக்க முடியுமா? அந்த மாதிரிதான். அதுக்காகத்தான் ஒவ்வொரு குருணைக்கும் மேல ஒரு தோல் போட்டிருக்காங்க. இரைப்பையத் தாண்டிக் குடலுக்குப் போனப்புறம்தான் அது கரையும். நீங்க அந்தத் தோலை நசுக்கிடறீங்க. உங்க தரகர மழைக்கோட்டக் கழட்டிட்டுக் கொட்டற மழையில அனுப்பற மாதிரி. வழியிலயே முடிஞ்சுபோறார்." டாக்டரம்மா குனிந்து முழியனின் உதட்டைப் பார்த்தார். "இந்தப் புண்ணும் அதனாலதான். தோல் இல்லாத என்சைம் பட்ட இடத்தையெல்லாம் செரிக்கப் பாக்கும். அதுக்குக் கஞ்சின்னும் தெரியாது, உதடுன்னும் தெரியாது."

அத்தை கையிலிருந்த ஸ்பூன்களைப் பார்த்தாள். ஜெயித்த தோரணையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இத்தனை நாளும், இத்தனை வேளையும், அவள் கையால்.

"நானா டாக்டரம்மா? நானா இதப் பண்ணேன்?"

"நீங்க மட்டுமில்ல. மொத நாளே இவங்க ரெண்டு பேர்கிட்டயும் நசுக்கக்கூடாதுன்னு சொன்னேன். ஊட்டறவங்க நீங்கன்னு நான் கேட்டுத் தெரிஞ்சுக்கல. கொடுக்கறீங்களா கொடுக்கறீங்களான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேனே ஒழிய, எப்படிக் கொடுக்கறீங்கன்னு ஒரு தடவைகூடக் கேக்கல. நீங்க மட்டும் இன்னைக்குக் கோவப்பட்டு எந்திரிக்கலன்னா, நான் குழாய மாட்டியிருப்பேன்." அவர் அத்தையின் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். "இப்ப ஒரு தவணை தர்றேன். குருணைய முழுசா, புளிப்பான பழ மசியல் ஒரு ஸ்பூன்ல வச்சு, மொதல்ல அதக் கொடுத்துட்டு உடனே சாப்பாடு. வாயில ஒட்டியிருக்கான்னு பாருங்க. அடுத்த தடவை எடை ஏறியிருந்தா குழாய் பேச்சே இல்ல. ஏறலன்னா, அப்புறம் என்னால தள்ளிப்போட முடியாது."

திரும்பி வருகிற பேருந்தில் தம்பி மனைவி அத்தையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணி, நான் அன்னைக்குக் கேட்டது..."

"கேட்டது நல்லதாப் போச்சு" என்றாள் அத்தை வெடுக்கென்று. "நீ கேக்கலன்னா எனக்கு அந்த ரோஷம் வந்திருக்காது. இப்ப அதவிட்டுட்டு, என்ன பழம் புளிக்கும்னு யோசி."

புளிப்பு ஆப்பிளை வேகவைத்து மசித்தார்கள். பழம் கிடைத்துவிட்டது. விழுங்குவதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. முழியன் பழத்தைச் சப்பிவிட்டுக் குருணையை அத்தையின் முகத்திலேயே துப்பினான். இரண்டாம் கரண்டியையும் துப்பினான். மூன்றாவதற்கு வாயையே திறக்கவில்லை. அத்தையின் பார்வை மெல்லத் திரும்பித் தம்பிமேல் நிலைத்தது.

"அவன் யாரப் பாத்து வளர்றான்? நீ முழுங்கிக் காட்டு."

"நானா? அக்கா, எனக்குத்தான் தெரியாதுன்னு..."

"உனக்கு நசுக்கிக் கொடுத்துக் கொடுத்துத்தான் எங்கை இந்தப் பழக்கத்துக்கு வந்துச்சு. முழுங்குடா!"

தம்பி மனைவி சத்து மாத்திரை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். தரகர் அதைத் தூக்கு மேடையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பழ மசியலில் புதைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார். கன்னம் உப்பியது, கழுத்து நீண்டது, கண்ணில் நீர் பொங்கியது. மடக்கென்று ஒரு சத்தம்.

"போயிடுச்சு" என்றார் அவர், தன்னையே நம்பாமல். "அக்கா, போயிடுச்சு!" வாயைத் திறந்து எல்லாருக்கும் காட்டினார். கைகளை விரித்து அறையைச் சுற்றி ஒரு வட்டம் ஓடினார். அப்பாவின் கோமாளித்தனத்தைப் பார்த்து முழியன் வாயைப் பிளந்து சிரித்தான். பிளந்த வாய்க்குள் கரண்டி போய்விட்டது. அத்தையின் கைவேகம் அப்படி. அவன் திடுக்கிட்டான், விழித்தான், விழுங்கினான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் அப்பாவோ அம்மாவோ அத்தையோ முதலில் ஒரு கரண்டி மசியலை விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். அப்புறம்தான் அவன் முறை.

முதல் நல்ல செய்தி, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், மலத்தில்தான் வந்தது. பிசுக்கு இல்லை. அந்த நாற்றமும் இல்லை. அத்தை ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இதை விவரமாகச் சொன்னாள். அவர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். உதட்டுப் புண் காய்ந்தது. கஞ்சி கடைசிக் கரண்டிவரை கெட்டியாக நின்றது. அத்தை பழைய மளிகைக் கடைக்குப் போய், ஒரு வார்த்தையும் பேசாமல், தேவைக்கு மேலேயே மாவு வாங்கிவந்தாள். அவளிடமிருந்து மன்னிப்பு அந்த வடிவில்தான் வரும் என்று கடைக்காரருக்கும் தெரிந்திருந்தது.

ஆனாலும் முழியன் தின்றான், தின்றான், தின்றுகொண்டே இருந்தான். கிண்ணம் காலியானதும் இன்னும் அழுதான். இத்தனை நாள் பட்டினியை உடம்பு இப்போது ஈடுகட்டுகிறது, கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டரம்மா போனில் சொன்னார். அத்தை முழுசாக நம்பவில்லை. உள்ளுக்குள் ஒரு பயம் அரித்துக்கொண்டே இருந்தது.

எடை பார்க்கிற நாள் வந்தது. நர்ஸ் பிள்ளையைத் தராசில் உட்கார வைத்தாள். முள் ஓடியது. பழைய இடத்தைத் தாண்டி ஓடியது. நர்ஸ் பிள்ளையை இறக்கி, தராசைச் சரிபார்த்து, மறுபடி ஏற்றினாள். அதே இடம். கதவைத் திறந்து, "டாக்டர், வந்து பாருங்க!" என்று கத்தினாள்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். "குழாயத் தூக்கிப் போடுங்க" என்றார். தரகர் நர்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு யாரென்றே தெரியாத இரண்டு பேரின் கையையும் குலுக்கினார். தம்பி மனைவி சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். "எங்க வயித்துல பால வாத்தீங்க டாக்டர்" என்றாள் திரும்பத் திரும்ப.

அத்தை மட்டும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. முள் என்றால் முள்தான். கைக்கு எட்டினால்தான் அவளுக்குச் சந்தோஷம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடைகூடத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவனுடைய சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. எடை ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன, வேளைக்குச் சாப்பிட வேண்டாமா? மசியலில் குருணை, அவள் ஒரு கரண்டி, அவன் ஒரு கரண்டி. பிறகு கிண்ணத்தில் கஞ்சி.

அவன் சாப்பிட்டான். நாலு வாய், எட்டு வாய். பாதிக் கிண்ணம் தாண்டியது. அடுத்த கரண்டியை அத்தை நீட்டினாள். முழியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

துப்பத்தான் போகிறான் என்று நினைத்து அத்தை கரண்டியை மறுபக்கம் கொண்டுபோனாள். அவன் முகத்தை அந்தப் பக்கமும் திருப்பினான். சின்னக் கையால் கரண்டியைத் தள்ளினான். கிண்ணத்தில் இன்னும் கஞ்சி இருந்தது. அதை ஒருமுறை பார்த்தான், அழவில்லை. அத்தையை நிமிர்ந்து பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தையைச் சொன்னான்.

"போதும்."

அத்தை கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். "என்னடா சொன்ன?"

"போதும்" என்றான் முழியன், கொஞ்சம் அதட்டலாக. அவள் மடியில் சாய்ந்து, நிறைந்த வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, பெரிய கொட்டாவி ஒன்று விட்டான்.

நடைகூடமே திரும்பிப் பார்க்கும்படி அத்தை எழுந்தாள். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். டாக்டரம்மாவின் அறையில் அடுத்த பிள்ளைக்குப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற ஆள் நிறுத்தப் பார்த்தார். அத்தையை எந்தக் காலத்தில் யார் நிறுத்தியிருக்கிறார்கள்? கதவை முழங்கையால் தள்ளித் திறந்தாள். கன்னமெல்லாம் கண்ணீராக வழிந்தது. அதைத் துடைக்கக் கை இல்லை.

"டாக்டரம்மா! எம்புள்ள போதும்னு சொல்லிட்டான்!"

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றினார். "என்ன சொன்னான்?"

"போதுமாம்! கிண்ணத்துல இன்னும் மிச்சம் இருக்கு, எனக்குப் போதும்னுட்டான்!"

டாக்டரம்மா எழுந்து நின்று கைதட்டினார். என்ன ஏதென்று தெரியாமலேயே, எதிரே பிள்ளையோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணும் சேர்ந்து தட்டினாள். அத்தையின் தோளில் முழியன் அதற்குள் தூங்கிப்போயிருந்தான்.